கையொப்பத்துக்கு ஒரு சான்று: டர்பனிலிருந்து பி.எஸ்.ஏ. சேவை

வீரர்களின் படம் அச்சிட்டு வெளிவந்த பழைய பேஸ்பால் அட்டைகளில் அவர்கள் இட்ட கையொப்பம் அசல்தானா என்று ஆராய்ந்து, அட்டைக்கும் கையொப்பத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் வழங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் திருப்பி அனுப்பும் சேவையை அமெரிக்காவில் சில நிறுவனங்கள் நடத்தி வருகின்றன. அவற்றுள் பெரியதான பி.எஸ்.ஏ. நிறுவனத்துக்கு என்னிடமிருந்த மூன்று அட்டைகளை டர்பனிலிருந்து அனுப்பினேன். மூன்றும் முடிவுகளோடு வீடு வந்து சேர்ந்துவிட்டன. கையொப்பச் சோதனைக்காக இந்தச் சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அட்டையின் மதிப்பெண்ணை மட்டும் நாடி இவ்வளவு தூரத்திலிருந்து அனுப்புவதைப் பரிந்துரைக்க மாட்டேன். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்குவதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

கிரிக்கெட்டே மூச்சாக இருக்கும் டர்பனில் பேஸ்பால் அட்டையைச் சேகரிப்பவர்கள் எத்தனை பேர் என்று சிலர் கேட்கக்கூடும். தென்னாப்பிரிக்கா 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பேஸ்பால் ஆடி நெதர்லாந்தை வென்ற நாடு. 2017 ஏப்ரலில் கிஃப்ட் என்கோபே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காகக் களமிறங்கி, ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து அமெரிக்காவின் உச்சநிலைப் பேஸ்பால் போட்டித் தொடரான மேஜர் லீகில் ஆடிய முதல் வீரரானார். தம் முதல் ஆட்ட வாய்ப்பிலேயே பந்தை அடித்து ஓடி முதல் தளத்தை எட்டினார். அதன் பிறகு சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா ஆகிய இடங்களில் வாழும் நம்மவர்களிடையே, தபால்தலையும் நாணயமும் சேர்த்துப் பழகிய சிலர் இந்த அட்டைகளின் பக்கமும் திரும்பியிருக்கிறார்கள். அவர்களையும், மொரீஷியஸிலும் தமிழ்நாட்டிலும் இதே ஆர்வத்தோடு இருப்பவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பி.எஸ்.ஏ. 1991-இல் தொடங்கப்பட்டது. அட்டையின் மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் தருவதே அதன் தொடக்ககாலப் பணி. கையொப்பங்களை ஆராயும் பி.எஸ்.ஏ./டி.என்.ஏ. பிரிவு 1998-இல் உருவானது. இன்று கையொப்பமிட்ட அட்டையை அனுப்புபவர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம்: கையொப்பம் அசல் என்ற சான்று மட்டும் போதும் என்று கேட்கலாம், கையொப்பத்துக்கு மதிப்பெண்ணும் சேர்த்துக் கேட்கலாம், அட்டைக்கு ஒன்று, கையொப்பத்துக்கு ஒன்று என இரட்டை மதிப்பெண்ணும் கேட்கலாம். சாதாரண அட்டையின் மீது பேனாக் கீறல் இருந்தால் அது குறையாகக் கருதப்பட்டு மதிப்பெண் சரியும்; ஆனால் கையொப்பப் பிரிவின் வழியே அனுப்பினால் வீரரின் எழுத்து குறையாகக் கொள்ளப்படுவதில்லை. விண்ணப்பத்தில் சரியான பிரிவைக் குறிப்பது மிக முக்கியம் என்பதற்கு இதுவே காரணம்.

நான் கையொப்பச் சோதனைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இந்தத் துறையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ., சான் டியேகோவை மையமாகக் கொண்டு ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற விசாரணையை நடத்தியது. 1999 அக்டோபரில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனைகள் நடந்தன. போலிக் கையொப்பங்களைக் குவியல் குவியலாகத் தயாரித்து, அவற்றுக்குப் போலிச் சான்றிதழும் இணைத்து நாடெங்கும் விற்றுவந்த ஒரு வலைப்பின்னல் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. அதன் வியாபாரம் 10 கோடி டாலர் அளவுக்கு இருந்ததாக அதிகாரிகள் மதிப்பிட்டனர். அன்னை தெரசா கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகள்கூட அந்தச் சரக்கில் இருந்தன. விற்றவரே தரும் சான்றிதழ் தன்னளவில் எதையும் நிரூபிப்பதில்லை என்பதை இந்த வழக்குக்குப் பின் யாரும் மறுக்க முடியவில்லை.

ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாமல் பிறந்த போலிகளும் உண்டு. அவற்றைக் கண்டறிவது இன்னும் கடினம். ஷூலெஸ் ஜோ ஜாக்சன் எழுதப் படிக்கக் கல்லாதவர். அவர் பெயரில் வந்த கடிதங்களுக்கு அவருடைய மனைவி கேட்டி கையொப்பமிட்டுக் கொடுத்தார். பேப் ரூத் போன்ற பெரும் புகழ் பெற்ற வீரர்களுக்கு வந்து குவிந்த வேண்டுகோள்களுக்கு அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் எழுதிக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. உடைமாற்றும் அறையில் பணிபுரிந்தவர்கள் முழு அணியின் பெயரையும் ஒரே பந்தில் எழுதித் தந்திருக்கிறார்கள். பின்னாளில் கையெழுத்தை அப்படியே வரையும் ஆட்டோபென் இயந்திரமும் ரப்பர் முத்திரையும் வந்து சேர்ந்தன. இவற்றில் எதுவும் விற்பவரின் பொய்யால் உண்டானதில்லை. மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் அசலென்று நம்பிப் பாதுகாத்த அட்டையிலும் இத்தகைய எழுத்து இருக்கக்கூடும். அந்த வேறுபாட்டைக் காணும் கண், ஒரே வீரருடைய நூற்றுக்கணக்கான அசல் கையொப்பங்களை வருடக்கணக்கில் பார்த்துப் பழகியவருக்கே வாய்க்கும். நாம் கொடுக்கும் கட்டணம் அந்தக் கண்ணுக்குத்தான்.

அப்படியென்றாலும், அனுப்புவதற்கு முன் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டிய சோதனைகள் பல உண்டு. முதலாவது காலக்கணக்கு. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 இறுதியில். ஷார்பி என்னும் அழியா மைப் பேனா வந்தது 1964-இல். பழம்பெரும் வீரர் டை காப் 1961-இல் காலமானார். அவர் பச்சை மை ஊற்றிய பேனாவால் எழுதுவதை விரும்பியவர். அவர் பெயரில் ஷார்பி எழுத்து இருந்தால் அதற்கு மேல் ஆராய எதுவுமில்லை. ஜாக்கி ராபின்சன் 1972 அக்டோபரிலும் ரொபேர்டோ கிளெமென்டே அதே ஆண்டின் கடைசி நாளில் நிகழ்ந்த விமான விபத்திலும் மறைந்தார்கள்; அதற்குப் பின் அச்சான அட்டையில் அவர்கள் கையொப்பமிட்டிருக்க வழியில்லை. அடுத்தது புற ஊதா விளக்கு. காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிர்வேதிப் பொருள்கள் 1950-களுக்குப் பிறகே பரவலாயின. அதனால் அதற்கு முந்தைய அட்டையென்று சொல்லப்படுவது அந்த விளக்கின் கீழ் பளீரென்று நீல வெண்மையாக ஒளிர்ந்தால் ஐயம் கொள்ள வேண்டும். கிரே வீதிப் பக்கம் நாணய வியாபாரிகள் வைத்திருக்கும் சிறிய விளக்கே இதற்குப் போதும்.

மூன்றாவது சோதனையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். டாப்ஸ் நிறுவனம் 1952, 1954, 1955, 1956, 1959 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட அட்டைகளின் முகப்பில் வீரரின் கையொப்பத்தை அச்சிலேயே சேர்த்திருந்தது. அவை ஒவ்வொன்றிலும் ஒன்றுபோலவே இருக்கும்; அவற்றை அசல் கையொப்பமென்று விற்பவர்களும் வாங்குபவர்களும் இன்றுமிருக்கிறார்கள். என்னிடமுள்ள 1955-ஆம் ஆண்டு ஹார்மன் கில்லெப்ரூ அட்டை, அந்த வரிசையில் 124-ஆம் எண் கொண்டது. அவருடைய முதல் அட்டையும் அதுதான். அதில் அச்சிட்ட கையொப்பமும் அவர் பிற்காலத்தில் நீலப் பால்பாயிண்டால் இட்ட கையொப்பமும் அருகருகே இருக்கின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு உலகங்கள். அச்சுக் கோடு தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே தட்டையாக, அட்டையின் மேற்பரப்போடு ஒட்டிக் கிடக்கிறது. பேனாக் கோட்டின் நடுவில் மெல்லிய பள்ளம் ஓடுகிறது. ‘எச்’ எழுத்தின் குறுக்குக்கோட்டைத் தொடங்குமிடத்தில் மை சற்றே திரண்டிருக்கிறது. ‘கே’ எழுத்தின் காலை வேகமாக இழுத்த இடத்தில் குண்டு வழுக்கி, மயிரிழை அகலத்துக்கு வெண்ணிறக் கீற்று ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஜன்னலோரம் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பள்ளத்தில் நிழல் விழுவதும் தெரிகிறது. அச்சில் இருக்கும் எழுத்து பதினெட்டு வயதை ஒட்டிய இளைஞனுடையது. நீல எழுத்து நிதானம் பெற்ற ஒரு பெரியவருடையது. எழுத்தின் சாய்வும் வளைவும் வயதோடு மாறியிருப்பதை ஒரே அட்டையில் காண்பது தனி இன்பம். கில்லெப்ரூ தம் பெயரை ஒவ்வோர் எழுத்தும் தெரியும்படி எழுதியவர்; ரசிகர் கேட்டால் படிக்கும்படி எழுதிக் கொடுங்கள் என்று இளம் வீரர்களிடம் வலியுறுத்தியவர். 573 ஹோம் ரன் அடித்த கையின் அந்தப் பொறுமைக்காகவே இந்த அட்டை எனக்கு நெருக்கமானது.

நான் அனுப்பிய மற்ற இரண்டில் ஒன்று 1957-ஆம் ஆண்டு வாரன் ஸ்பான் அட்டை. 363 வெற்றிகள் பெற்று, இடக்கைப் பந்துவீச்சாளர்களில் இன்றுவரை எவரும் எட்டாத இடத்தில் நிற்பவர் அவர். 2003-இல் காலமாகும் வரை கண்காட்சிகளில் தாராளமாகக் கையொப்பமிட்டவர். டாப்ஸ் அட்டை இன்றுள்ள அளவுக்கு, அதாவது 63.5 மில்லிமீட்டர் அகலமும் 88.9 மில்லிமீட்டர் உயரமும் கொண்டதாகச் சுருங்கியது அந்த ஆண்டில்தான். என்னிடமிருந்த அட்டை உயரத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. கீழ் ஓரம் மற்ற மூன்று ஓரங்களைவிடக் கூர்மையாகவும் புதிதாகவும் தெரிந்தது. எவரோ எப்போதோ நைந்த ஓரத்தை வெட்டிச் சீர்செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். சேவையின் கூர்மையை அறிந்துகொள்ளவே அதற்கும் இரட்டை மதிப்பெண் கேட்டு அனுப்பினேன். மூன்றாவது 1956-ஆம் ஆண்டு பாப் ஃபெல்லர் அட்டை. அவர் களத்தில் ஆடிய கடைசி ஆண்டின் அட்டை. ஃபெல்லரின் கையொப்பம் அரிதானதன்று. 2010-இல் மறையும் வரை கேட்டவர்க்கெல்லாம் இட்டுக் கொடுத்தார். ஆனால் என் அட்டையில் இருந்தது, வெயில் பட்டு மங்கிப்போன ஃபெல்ட் பேனா எழுத்து. மங்கிய எழுத்தை ஆய்வாளர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்க்க விரும்பினேன்.

அனுப்பும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இணையத்தில் கணக்குத் தொடங்கி, ஒவ்வோர் அட்டையின் ஆண்டு, வெளியீட்டாளர், எண், வீரர் பெயர், நாம் கருதும் சந்தை மதிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்து, படிவத்தை அச்சிட்டுப் பொதியுடன் வைக்க வேண்டும். அட்டையை மெல்லிய உறையில் இட்டு, அதை வளையும் தன்மையுள்ள அரைகடின உறையில் நுழைத்து அனுப்பும்படி கேட்கிறார்கள். திருகு போட்ட கனமான பெட்டிகளை விரும்புவதில்லை, அவற்றிலிருந்து எடுக்கும்போது மூலை சேதமாகும் என்பதால். அரைகடின உறைகளை இரண்டு அட்டைத் தாள்களுக்கு நடுவே வைத்து ரப்பர் வளையம் போடாமல் ஒட்டுநாடாவால் கட்டினேன். பொதி கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் பதிவாகிறது. அதன் பிறகு ஒவ்வொரு கட்டமும் கணக்கில் தெரிகிறது. அவர்கள் குறிப்பிடும் கால அளவு பொதி அவர்களுடைய பதிவேட்டில் ஏறிய பிறகே தொடங்குகிறது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவுகளுக்கு வருகிறேன். கில்லெப்ரூவின் கையொப்பம் அசல் எனச் சான்றளிக்கப்பட்டு 9 மதிப்பெண் பெற்றது. அட்டை 4 பெற்றது. இரண்டு மூலைகள் மழுங்கி, பின்புறத்தில் பழைய ஆல்பத்தின் பசைக்கறை இருக்கும் அட்டைக்கு 4 என்பது நியாயமான எண்; நானும் அதையேதான் எதிர்பார்த்தேன். கையொப்பத்துக்கு 10 கிடைக்காததற்கு அந்த வெண்ணிறக் கீற்றே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். ஸ்பான் அட்டைக்கு எண் எதுவும் தரவில்லை. அளவு மாற்றப்பட்டது என்ற குறிப்புடன் ‘அசல்’ என்று மட்டும் உறைக்குள் வைக்கும் சிட்டையில் அச்சிட்டு, கையொப்பத்துக்கு 9 வழங்கியிருந்தார்கள். ஒரு மில்லிமீட்டர் குறைவை அவர்கள் தவறவிடவில்லை என்பது எனக்கு இந்தச் சேவையின் மீது பெரும் நம்பிக்கையை உண்டாக்கியது. ஃபெல்லரின் கையொப்பம் அசலென்று உறுதியாயிற்று. மங்கலின் காரணமாக 6 மட்டுமே பெற்றது. அசலா என்பதும் அழகாக இருக்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதை அவர்கள் சரியாகவே பிரித்துப் பார்க்கிறார்கள். மை எவ்வளவு அடர்ந்திருக்கிறது, கோடு முழுமையாக இருக்கிறதா, தேய்ந்து பரவியிருக்கிறதா, படத்தின் இருண்ட பகுதியில் விழுந்து மறைகிறதா என்பவைதான் எண்ணைத் தீர்மானிக்கின்றன.

பிளாஸ்டிக் உறையின் தரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒலியலைகளால் ஒட்டப்பட்ட அந்த உறையைத் திறந்தால் திறந்த தடம் தெரியாமல் போகாது. சிட்டையிலுள்ள எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டால் பதிவு உடனே வருகிறது. வாங்குபவர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். சிட்டையையும் உறையையும் போலியாகச் செய்பவர்களும் இருப்பதால், எண் பதிவில் இருக்கிறதா என்பதோடு நில்லாமல், பதிவிலுள்ள படத்தின் எழுத்தும் கையிலுள்ள அட்டையின் எழுத்தும் கோட்டுக்குக் கோடு பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கையொப்பமிட்ட அட்டைக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு: உலகில் எந்த இரண்டு கையொப்பங்களும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை.

இனி, குறைகள். முதற்குறை, எண்ணுக்குக் காரணம் சொல்லாமை. பி.எஸ்.ஏ. சிட்டையில் அட்டைக்கு ஓர் எண்ணே இருக்கிறது. இதே பணியைச் செய்யும் பெக்கெட் நிறுவனம் நடுவமைவு, மூலை, ஓரம், மேற்பரப்பு என நான்கு துணை மதிப்பெண்களை அச்சிட்டுத் தரும் வழக்கம் உடையது. கற்றுக்கொள்ள விரும்பும் சேகரிப்பாளருக்கு அது எவ்வளவோ மேல். கையொப்பத்திலும் அப்படியே: ஏன் 9, ஏன் 6 என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை தூரம் அனுப்பி, இவ்வளவு செலவு செய்பவருக்கு இரண்டு வரிக் குறிப்பு கொடுப்பது பெரிய காரியமாக இருக்காது.

இரண்டாவது, மனிதக் கண்ணின் எல்லை. பி.எஸ்.ஏ. தொடங்கிய ஆண்டிலேயே முதலாவதாக மதிப்பெண் வழங்கிய அட்டை, 1909 முதல் 1911 வரை வெளிவந்த டி206 என்னும் அட்டை வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரருடையது. அதற்கு 8 கொடுத்தார்கள். பல ஆண்டுகள் உலகின் விலையுயர்ந்த அட்டையாக அது போற்றப்பட்டது. அதன் ஓரங்களைத் தாமே வெட்டியதாக ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் சிகாகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். என் ஸ்பான் அட்டையின் ஒரு மில்லிமீட்டரைக் கண்டுகொண்ட அதே நிறுவனத்தின் வரலாற்றில் இதுவும் இருக்கிறது. தொழில் அப்போது பிறந்த நிலையில் இருந்தது, இன்று கருவிகளும் அனுபவமும் வளர்ந்திருக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் உறைக்குள் இருப்பது ஒரு கருத்து என்பதை மறக்கலாகாது. நன்கு பயின்றவர்களின் கருத்து அது, சந்தை அதை மதிக்கிறது, அவ்வளவே.

மூன்றாவது, கட்டணம் கணக்கிடும் முறை. நாம் அறிவிக்கும் மதிப்பைப் பொறுத்துச் சேவைப் பிரிவு மாறுகிறது. மதிப்பெண் வந்தபின் அட்டையின் மதிப்பு அந்தப் பிரிவின் உச்சவரம்பைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் விதிக்கிறார்கள். ரேண்டில் சம்பாதித்து டாலரில் செலுத்தும் நமக்கு இது முன்கூட்டியே திட்டமிட முடியாத செலவு. காலதாமதத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம்: பெருந்தொற்றுக் காலத்தில் அட்டைகள் மலையாகக் குவிந்ததால் 2021 மார்ச் இறுதியில் பெரும்பாலான பிரிவுகளை நிறுத்திவைக்கும் அளவுக்கு நிலைமை போனது. இப்போது அப்படியில்லை என்றாலும், மலிவான பிரிவில் அனுப்புபவர் மாதக்கணக்கில் காத்திருக்க மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

மற்ற நிறுவனங்களைப் பற்றியும் ஒரு சொல். எஸ்.ஜி.சி. 1998-இல் தொடங்கியது, அதன் உறையின் உட்புறக் கறுப்புச் சட்டம் பழைய அட்டைகளுக்கு மிக எடுப்பாக இருக்கும். 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோன 1952-ஆம் ஆண்டு மிக்கி மேண்டில் அட்டை எஸ்.ஜி.சி. உறையில் 9.5 பெற்றதுதான். 2024-இல் பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமே எஸ்.ஜி.சி.யை வாங்கிவிட்டது. கையொப்பத்துக்கு மட்டும் என்றால் ஜே.எஸ்.ஏ.யும் பெக்கெட்டின் கையொப்பப் பிரிவும் மதிப்புக்குரியவை, ஜே.எஸ்.ஏ.வை நிறுவிய ஜேம்ஸ் ஸ்பென்ஸ் முன்பு பி.எஸ்.ஏ./டி.என்.ஏ.வில் பணியாற்றியவர். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் ஆகிய மூன்றில் எதன் சான்று இருந்தாலும் விற்கும்போது பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மறு விற்பனையில் பி.எஸ்.ஏ. உறைக்குப் பொதுவாகக் கூடுதல் விலை கிடைப்பதாலும், எத்தனை அட்டைகள் எந்த எண் பெற்றன என்ற பட்டியலை அவர்கள் எவரும் பார்க்கும்படி வெளியிடுவதாலும் நான் அங்கே அனுப்பினேன்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து அனுப்புபவர் கவனிக்க வேண்டியவை தனி. அட்டைகள் நாட்டை விட்டுப் போகும் முன்பே, அவை சோதனைக்காகத் தற்காலிகமாக அனுப்பப்படுகின்றன, மீண்டும் வரும் என்பதைச் சுங்கத்துறையிடம் பதிவு செய்து, முகப்பு பின்புறப் படங்களோடு ஆவணத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அவை புதிதாக வாங்கிய பொருளாகக் கருதப்பட்டு, நமக்கே சொந்தமான அட்டைக்கு 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி கட்டும் நிலை வரலாம். எதிர்த் திசையிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: 800 டாலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டது. ஆகவே படிவத்தில் பொருளின் தன்மையையும் நோக்கத்தையும் தெளிவாக எழுதுவது இன்றியமையாதது. சாதாரண அஞ்சலில் அனுப்புவதை நான் நினைத்துப் பார்க்கக்கூட மாட்டேன். கண்காணிப்பு எண்ணும் முழு மதிப்புக்குக் காப்பீடும் உள்ள கூரியரே வழி. தனியாக அனுப்பும் செலவு கனமென்றால், ஒரே நகரத்துச் சேகரிப்பாளர்கள் சேர்ந்து ஒரே பொதியாக அனுப்பலாம். கூரியர் செலவு பங்கிடப்படும். ஆனால் அட்டைவாரியாகப் பட்டியல் எழுதி, அனைவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது நட்புக்கு நல்லது.

கையொப்பம் தேறாது என்று தோன்றும் அட்டையைக் கடல் கடந்து அனுப்பிச் செலவை இழக்க வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து, அசலாக இருக்க வாய்ப்புண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் சிறுசேவை ஒன்றை பி.எஸ்.ஏ. இணையத்திலேயே நடத்துகிறது. அது சான்று ஆகாது. இருந்தாலும் நம்மைப் போன்று தூரத்தில் இருப்பவர்களுக்கு முதல் சல்லடையாக மிகவும் உதவும். ஃபெல்லர் அட்டையை நான் அனுப்பத் துணிந்ததும் அந்தப் பதில் சாதகமாக வந்த பிறகுதான்.

எந்த அட்டைகளுக்கு இந்தச் செலவு தகும்? மறைந்த வீரர்களின் கையொப்பம், குறிப்பாக 1970-களிலோ அதற்கு முன்போ மறைந்தவர்களின் கையொப்பம் இருந்தால் தயங்காமல் சான்று பெறுங்கள். சான்று இல்லாத ராபின்சன் கையொப்பத்தை இன்று எந்த ஏல நிறுவனமும் முகங்கொடுத்துப் பார்க்காது. அந்த அட்டைகளுக்கு அட்டை மதிப்பெண் கேட்காமல், கையொப்பச் சான்றும் கையொப்ப மதிப்பெண்ணும் மட்டும் கேட்பதே போதும் என்பது என் கருத்து. மூலை மழுங்கிய அட்டைக்குக் கிடைக்கும் 2 அல்லது 3 சிட்டையில் பெரிதாகத் தெரிந்து, பக்கத்திலுள்ள அருமையான கையொப்பத்திலிருந்து வாங்குபவரின் கவனத்தை இழுத்துவிடுகிறது. வாழும் வீரர் உங்கள் கண்முன்னே இட்டுக் கொடுத்த கையொப்பத்தை விற்கும் எண்ணம் இல்லையென்றால், புகைப்படமும் தேதியும் எழுதிய குறிப்பும் சேர்த்து வைப்பதே போதுமானது. சந்தையில் 3,000 ரேண்டுக்குக் கீழே விலைபோகும் அட்டைக்கு இந்தச் சேவை பொருளாதார அளவில் கட்டுபடியாகாது.

உறையில் வந்த பிறகும் பராமரிப்பு உண்டு. டர்பனின் கோடைக்கால ஈரப்பதத்தில் பழைய அட்டை வில்லாக வளையும். முத்திரையிட்ட உறை தூசியையும் விரலையும் தடுக்குமே தவிர, ஈரக்காற்றை முற்றிலும் தடுக்காது. மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு, கடற்கரைப் பக்கத்து ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் உள்ள அலமாரியில் வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் ஓர் ஈரமானி இருக்கிறது. ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஒளியைப் பொறுத்தவரை எந்தச் சலுகையும் கூடாது. பால்பாயிண்ட் மையும் ஃபெல்ட் மையும் வெயிலில் மங்கியே தீரும்; சுவரில் மாட்டி அழகு பார்க்க விரும்புபவர்கள் அட்டையை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து அந்தப் படியை மாட்டலாம், அசல் இருட்டில் இருக்கட்டும். அடுத்த தடவை ஜோகன்னஸ்பர்க் நண்பர்களோடு சேர்ந்து ஒரே பொதியாக அனுப்பவிருக்கிறோம். என் பங்குக்கு ஒரே ஓர் அட்டை, கையொப்பச் சோதனைக்கு மட்டும்.